ஊருக்குள் வரும் வெறுப்புப் பரப்புரை: எதிர்வினைகளும் அவற்றின் பயனும்

வெறுப்புக் குழுக்களின் பரப்புரை பெரும்பாலும் ஆள்பலம் இல்லாததை மறைக்கும் வழியாகவே ஊருக்குள் வருகிறது. அமெரிக்காவின் சிறு நகரங்களில் சில ஆண்டுகளாக நடந்துவருவது இதற்கு நல்ல சான்று. இரவில் ஒரு காரில் இரண்டு மூன்று பேர் வருகிறார்கள். யூதர்களையோ கறுப்பின மக்களையோ குடியேறியவர்களையோ பழிக்கும் துண்டறிக்கையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றில் பறந்துவிடாமலிருக்க ஒரு பிடி அரிசியோ மக்காச்சோளமோ கூழாங்கல்லோ சேர்த்து, வீட்டு வாசல்களில் வீசிவிட்டுப் போய்விடுகிறார்கள். விடிந்ததும் தெருவே கலங்கி நிற்கிறது. இவ்வகைச் சம்பவங்களைக் கணக்கெடுக்கும் அவதூறு எதிர்ப்பு லீக் என்ற அமைப்பு, வெள்ளை இனவெறிப் பரப்புரை நிகழ்வுகளாக 2022இல் 6,751ஐயும், 2023இல் 7,567ஐயும் பதிவு செய்தது. இவற்றில் பெரும்பகுதி 2017இல் தொடங்கப்பட்ட பேட்ரியாட் ஃப்ரண்ட் என்ற ஒரே குழுவின் கைவேலை. சில நூறு பேர் ஒரு கண்டம் முழுக்கப் பரவியிருப்பது போன்ற தோற்றத்தை உண்டாக்குவதற்குத் தாளும் பசையும் போதுமானவையாக இருக்கின்றன.

ஒரு துண்டறிக்கைக்கு மூன்று வாசகர்கள் உண்டு. முதலாமவர் அதில் பழிக்கப்படுபவர். அவருக்கான சேதி ஒன்றுதான்: உன் வீடு எங்களுக்குத் தெரியும். இரண்டாமவர் பழிக்கப்படாத அண்டை வீட்டார். அவர் குழுவில் சேர வேண்டும் என்பதுகூட இல்லை. ஊரில் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள் போலும் என்று எண்ணி வாய்மூடி இருந்தாலே வந்த வேலை முடிந்தது. மூன்றாமவர் செய்தியாளர், நூறு தாளை ஒரு லட்சம் பேரிடம் கொண்டுசேர்க்கக் கூடியவர். எதிர்வினை ஒவ்வொன்றையும் இம்மூவர் மீது அது என்ன விளைவை உண்டாக்கியது என்பதை வைத்தே எடைபோட வேண்டும். இவர்களை விட்டுவிட்டு, தாளை வீசியவனுக்குப் பதில் சொல்வதிலேயே ஊர்கள் தங்கள் சக்தியைச் செலவழித்திருக்கின்றன. நூறாண்டுக் கதையில் திரும்பத் திரும்பத் தென்படும் பிழை அதுதான்.

மௌனமும் வெளிச்சமும்

கண்டுகொள்ளாமல் விட்டால் தானே அடங்கிவிடும் என்பது பழைய அறிவுரை. அதை எளிதில் தள்ளிவிடவும் முடியாது. 1921 செப்டம்பரில் 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழ் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் வன்முறையையும் பணக் கொள்ளையையும் அம்பலப்படுத்தி ஏறத்தாழ மூன்று வாரம் தொடர் கட்டுரைகள் வெளியிட்டது. நாட்டின் பல நாளிதழ்கள் அவற்றை மறுபதிப்புச் செய்தன. அடுத்த ஆண்டு அந்த இதழுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. க்ளானுக்கோ புதிய உறுப்பினர்கள் கிடைத்தார்கள். கட்டுரைக்குச் சான்றாக அச்சிடப்பட்டிருந்த உறுப்பினர் விண்ணப்பப் படிவத்தைக் கத்தரித்து நிரப்பி அனுப்பியவர்களும் இருந்தார்கள். அந்தப் பத்தாண்டின் நடுவில் க்ளானின் உறுப்பினர் எண்ணிக்கை பல லட்சங்களைத் தொட்டது.

இந்த அனுபவத்தின் எதிரொலியாக 1940களில் அமெரிக்க யூதக் குழுவைச் சேர்ந்த ரபை ஆண்டில் ஃபைன்பெர்க் ஒரு முறையை வகுத்தார். யூத எதிர்ப்புப் பேச்சாளர் ஜெரால்ட் எல். கே. ஸ்மித் ஊருக்கு வரும்போது மறியலும் கூடாது, கறுப்புக் கொடியும் கூடாது. உள்ளூர் நாளிதழ் ஆசிரியர்களைச் சந்தித்து, செய்தி போடாதிருக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். சண்டை இல்லாத கூட்டத்துக்குச் செய்தி மதிப்பும் இல்லை என்பது அவர் கணக்கு. பின்னர் அமெரிக்க நாஜிக் கட்சியின் ஜார்ஜ் லிங்கன் ராக்வெல் மீதும் இந்த முறை பயன்படுத்தப்பட்டது. ஊரில் இரண்டு நாளிதழும் சில வானொலி நிலையங்களும் மட்டுமே இருந்த காலத்தில் அது ஓரளவு பலித்தது.

அதன் எல்லை 1977இல் இல்லினாய் மாநிலத்தின் ஸ்கோக்கியில் தெரியவந்தது. சிகாகோவை ஒட்டிய அந்த ஊரில் யூத இனப்படுகொலையிலிருந்து உயிர் தப்பியவர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தார்கள். ஃபிராங்க் காலின் என்பவரின் மிகச் சிறிய நாஜிக் குழு அங்கே சீருடையில் ஊர்வலம் போக விரும்பியது. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருங்கள் என்று சமூகத் தலைவர்கள் சொன்னபோது, ஐரோப்பாவில் முன்பொருமுறை இதே அறிவுரையைக் கேட்டவர்கள் மறுத்துவிட்டார்கள். நாளிதழுக்கு எது சரியோ அது பாதிக்கப்பட்டவருக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. செய்தியில் மௌனம் காப்பது ஒன்று. அடிபட்டவர் வீட்டு வாசலுக்குப் போகாமலிருப்பது முற்றிலும் வேறொன்று. முதலாவது உத்தி, இரண்டாவது கைவிடல். மேயரும் காவல் தலைவரும் பக்கத்துக் கோயில், தேவாலயக்காரர்களும் அன்றைக்கே அந்தக் குடும்பத்தைப் போய்ப் பார்ப்பதற்கு ஒரு கேமராவும் தேவையில்லை.

இணையம் வந்தபின் முழு மௌனம் நடைமுறையில் இல்லாமல் போய்விட்டது. வாசலில் கிடந்த தாளை முதலில் படமெடுத்துப் பகிர்பவர் கோபம் கொண்ட அந்த வீட்டுக்காரராகவே இருக்கிறார். ஆகவே இப்போது கேள்வி எப்படிச் சொல்வது என்பதாக மாறியிருக்கிறது. ஊடக ஆய்வாளர் விட்னி ஃபிலிப்ஸ் 2018இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, தீவிரவாதக் குழுக்களைப் பற்றி எழுதும் செய்தியாளர்கள் அறியாமலே அவற்றுக்கு விளம்பரம் செய்துவிடுவதை விரிவாகக் காட்டியது. செய்தி அறைகளில் பரவிய வழக்கங்கள் எளியவை: தாளின் படத்தையும் முழக்கத்தையும் இணைய முகவரியையும் அச்சிடாதே, எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதைச் சொல், பாதிக்கப்பட்டவர் சொல்வதை முன்னால் வை. 2019 மார்ச்சில் கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவனின் பெயரைத் தான் உச்சரிக்கப்போவதில்லை என்று நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் அறிவித்தது இதே சிந்தனையின் உச்சம்.

பொய்யைத் திருத்துவதற்கும் இது பொருந்தும். 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கிக் கொல்லப்படுகிறார்கள் என்று போலி காணொளிகள் வட மாநிலங்களில் பரவின. வேறு இடங்களில் நடந்த வேறு சண்டைகளின் படங்கள் அவை. தமிழ்நாட்டுக் காவல் துறை மறுப்பை இந்தியில் வெளியிட்டது. உதவி எண்களை அறிவித்தது. திருப்பூர், கோவைப் பகுதிகளில் அதிகாரிகள் தொழிலாளர் குடியிருப்புகளுக்கே போய்ப் பேசினார்கள். பரப்பியவர்கள் மீது வழக்குகள் பதிவாயின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து நேரில் பார்த்துச் சென்றது. பயந்தவரின் மொழியில், அவர் நம்பக்கூடிய ஆளின் வாயால் சொல்லப்பட்டதுதான் அந்த மறுப்பின் பலம். தமிழில் எத்தனை அறிக்கை விட்டிருந்தாலும் பாட்னாவிலிருந்து அழைக்கும் தாயின் பதற்றம் தணிந்திருக்காது.

பில்லிங்ஸ், 1993

ஊர் திரண்டு பதில் சொன்ன நிகழ்வுகளில் அதிகம் பேசப்படுவது மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ். ஏறத்தாழ 80,000 பேர் வாழ்ந்த அந்த நகரில் யூதக் குடும்பங்கள் மிகச் சில. 1993இல் துண்டறிக்கைகளோடு தொடங்கியது, யூதக் கல்லறைகள் சாய்க்கப்படும் அளவுக்கு வளர்ந்தது. மொட்டைத்தலை இனவெறிக் குழு இளைஞர்கள் கறுப்பின மக்களின் தேவாலய வழிபாட்டில் வந்து பின்வரிசையில் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பழங்குடிப் பெண் ஒருவரின் வீட்டுச் சுவரில் ஸ்வஸ்திகாவும் வசைகளும் எழுதப்பட்டன. அதற்குப் பெயின்டர் தொழிற்சங்கத்தின் பதில், உறுப்பினர்களைத் திரட்டிவந்து சுவரைப் புதிதாகப் பூசிக்கொடுத்தது. தேவாலயத்துக்கு வேறு சபைகளைச் சேர்ந்தவர்கள் வந்து உடன் அமர்ந்தார்கள். முறைத்தவர்கள் வருவது நின்றது.

டிசம்பர் 2ஆம் தேதி இரவு, ஒரு யூதக் குடும்பத்தின் ஐந்து வயது மகனின் படுக்கையறை ஜன்னலில் கல் விழுந்தது. ஹனுக்கா பண்டிகைக்கான மெனோரா விளக்கின் படம் அந்த ஜன்னலில் இருந்தது. அதை எடுத்துவிடுவது நல்லது என்று விசாரணைக்கு வந்த காவலர் யோசனை சொன்னார். இதை மகனுக்கு எப்படி விளக்குவது என்று தாய் நாளிதழிடம் கேட்டார். செய்தியைப் படித்த மார்கரெட் மெக்டொனால்ட், மொன்டானா திருச்சபைகள் சங்கத்தில் பணியாற்றியவர், கிறிஸ்தவர் வீட்டு ஜன்னல்களிலும் மெனோரா வைப்போம் என்று போதகர்களை அழைத்துச் சொன்னார். ஞாயிறு பள்ளிகளில் பிள்ளைகள் படம் வரைந்தார்கள். 'பில்லிங்ஸ் கெசட்' நாளிதழ் ஒரு முழுப் பக்கத்தில் மெனோராவை அச்சிட்டு, வெட்டி ஒட்டிக்கொள்ளச் சொன்னது. 10,000 வீடுகள் வரை அது ஒட்டப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

உடனே எல்லாம் அமைதியாகிவிடவில்லை. மெனோரா ஒட்டிய வீடுகளிலும் தேவாலயங்களிலும் கண்ணாடிகள் உடைந்தன. ஹனுக்கா வாழ்த்து வைத்திருந்த கத்தோலிக்கப் பள்ளியின் பலகை துப்பாக்கியால் சுடப்பட்டது. பயந்துபோய்க் கேட்டவர்களிடம் காவல் தலைவர் வேய்ன் இன்மன், எடுக்காதீர்கள், இன்னும் அதிகமாக ஒட்டுங்கள் என்றார். அவர் முன்பு போர்ட்லாந்து காவல் துறையில் இருந்தவர். அங்கே 1988 நவம்பரில் முலுகேட்டா செராவ் என்ற எத்தியோப்பிய மாணவர் மொட்டைத்தலைக் குழுவினரால் அடித்துக் கொல்லப்பட்டதையும், அதற்கு முந்தைய அறிகுறிகளை அந்த நகரம் அசட்டை செய்ததையும் அறிந்தவர். உடைக்க வேண்டிய ஜன்னல்கள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது உடைப்பு தானே ஓய்ந்தது.

மெக்டொனால்டின் யோசனைக்கு மூலம், நாஜி ஆக்கிரமிப்பில் டென்மார்க் மன்னர் தாமும் மஞ்சள் நட்சத்திரம் அணிந்தார் என்ற கதை. அது வரலாறு அல்ல. டென்மார்க் யூதர்கள் மீது அந்தச் சின்னம் திணிக்கப்படவே இல்லை. பொய்ப் பரப்புரைக்கு எதிரான மிக அழகான நிகழ்வொன்றுக்கு ஒரு கட்டுக்கதை வித்தாக அமைந்தது வரலாற்றின் குறும்பு. 1995இல் பில்லிங்ஸ் பற்றிய ஆவணப்படம் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்தபின் 'எங்கள் ஊரில் கூடாது' என்ற இயக்கமே உருவாகி நாடு முழுக்கப் பரவியது.

படச்சட்டத்துக்குள் அடங்காத விவரம் ஒன்று உண்டு. தொழிற்சங்கம், திருச்சபை, நாளிதழ், காவல் துறை ஆகியவற்றின் தலைவர்கள் அந்த டிசம்பருக்கு முன்பே ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். மெனோராவைப் பிரதி எடுத்த ஊர்கள் பல, இந்த அறிமுகத்தைப் பிரதி எடுக்க மறந்துவிட்டன.

கூட்டத்துக்கு எதிர்க் கூட்டம்

எதிர்ப் பேரணி எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. அதன் புகழுக்குக் காரணம் லண்டனின் கேபிள் தெரு. 1936 அக்டோபர் 4 அன்று பாசிசத் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லியின் கறுஞ்சட்டையினர் யூதர்கள் நிறைந்த கிழக்கு லண்டன் வழியாக அணிவகுக்க முயன்றபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு தடுப்புகள் போட்டு மறித்தார்கள். கைகலப்பு நடந்தது பெரும்பாலும் காவலர்களோடுதான். ஊர்வலம் கைவிடப்பட்டது. அரசியல் சீருடைகளைத் தடைசெய்யும் சட்டமும் அந்த ஆண்டே வந்தது. ஆனால் அடுத்த வாரமே இளைஞர் கும்பல் ஒன்று மைல் எண்ட் சாலையில் யூதர் கடைகளை நொறுக்கியது. 1937 மார்ச்சில் நடந்த லண்டன் மாநகரத் தேர்தலில் மோஸ்லி கட்சி பெத்னல் கிரீன் தொகுதியில் 23 விழுக்காடு வாக்கு பெற்றது. தெருவைத் தடுத்தது வெற்றிதான். வாக்காளர் மனத்தில் அது எதை மாற்றியது என்பது இன்றும் வரலாற்றாளர்கள் வாதிடும் விஷயம்.

மோதல் நேர்ந்தால் குழுவுக்கு இரட்டை லாபம்: தியாகி வேடமும் தலைப்புச் செய்தியும். 2017 ஆகஸ்டில் சார்லட்ஸ்வில்லில் வெள்ளை இனவெறியர் பேரணியை எதிர்த்தவர்களின் கூட்டத்தில் கார் ஏற்றப்பட்டு ஹெதர் ஹேயர் கொல்லப்பட்டது, நேருக்கு நேர் நிற்பதன் விலையையும் காட்டியது. ஒரு வாரம் கழித்து பாஸ்டனில் 40,000 பேர் அமைதியாகத் திரண்டபோது எதிர்ப்பக்கம் நின்ற சில டஜன் பேர் சீக்கிரமே கலைந்தார்கள். எண்ணிக்கை வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்படி, இரு தரப்பும் எட்டாத தூரத்தில் இருக்கும்போதே எதிர்ப் பேரணி பயனளிக்கிறது என்று இவ்விரண்டிலிருந்தும் கொள்ளலாம்.

எதிரே கூடாமல், தெருவையே வெறிச்சோட விடுவது இன்னொரு வழி. கு க்ளக்ஸ் க்ளான் பிறந்த ஊரான டென்னசியின் புலாஸ்கியில், அதன் பிறப்பைக் குறிக்கும் வெண்கலப் பலகை ஒரு கட்டடச் சுவரில் இருந்தது. 1989இல் கட்டட உரிமையாளர் அதைக் கழற்றி, எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி அறைந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் ஆரிய நேஷன்ஸ் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு ஊர்வலம் வந்தபோது ஊர்க் கடைகள் மூடிக்கிடந்தன. அணிவகுத்தவர்கள் வெறும் தெருவில் நடந்தார்கள்.

நையாண்டியும் நன்கொடையும்

தெற்கு ஜெர்மனியின் வுன்ஸீடல் சிற்றூருக்கு ஒரு சாபம் இருந்தது. ஹிட்லரின் துணைத் தலைவர் ருடால்ஃப் ஹெஸ் 1987இல் சிறையில் இறந்தபின் அங்கே புதைக்கப்பட்டார். ஆண்டுதோறும் நவநாஜிகள் யாத்திரை போல வந்தார்கள். 2005இல் நாஜி ஆட்சியைப் போற்றுவதைத் தண்டிக்கும் பிரிவு சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2009இல் அரசமைப்பு நீதிமன்றம் இந்த ஊரின் வழக்கிலேயே அதை உறுதிசெய்தது. 2011இல் கல்லறைக் குத்தகை முடிந்ததும் எலும்புகள் எடுக்கப்பட்டு எரியூட்டப்பட்டு சாம்பல் கடலில் கரைக்கப்பட்டது. அப்போதும் வருகை முற்றாக நிற்கவில்லை. 2014 நவம்பரில் ஊர்க்காரர்கள் ஊர்வலத்தையே நன்கொடை ஓட்டமாக மாற்றினார்கள். நவநாஜிகள் நடக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் 10 யூரோ வீதம், அவர்களைப் போன்றவர்கள் குழுவை விட்டு வெளியேற உதவும் எக்ஸிட் ஜெர்மனி அமைப்புக்குப் போகும். சாலையில் தூரம் குறிக்கப்பட்டிருந்தது. வழியில் களைப்பு தீர வாழைப்பழம் வைக்கப்பட்டிருந்தது. முடிவில் நன்றிப் பதாகை தொங்கியது. 10,000 யூரோ சேர்ந்தது. நடந்தால் எதிரிக்கு வருமானம், நின்றால் தோல்வி.

யோசனை புதிதல்ல. 1998இல் ஐடஹோவின் கர் டலேன் நகரில் ஆரிய நேஷன்ஸ் அணிவகுத்தபோது, ஊர்வலம் நீடிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் மனித உரிமைப் பணிக்கு இவ்வளவு என்று மக்கள் வாக்களித்து நிதி சேர்த்தார்கள். ஜெர்மனியில் போலந்து எல்லையிலுள்ள ஆஸ்ட்ரிட்ஸ் என்ற சிற்றூர் 2019 ஜூனில் இன்னும் எளிமையாகச் செயல்பட்டது. அங்கு நடந்த நவநாஜி இசைவிழாவில் மதுவுக்கு நீதிமன்றம் தடை விதித்தது, காவல் துறை 4,000 லிட்டருக்கு மேல் பீரைப் பறிமுதல் செய்தது. மாற்று வழி தேடக்கூடும் என்று கருதிய ஊர்க்காரர்கள் உள்ளூர்க் கடையிலிருந்த பீர்ப் பெட்டிகளை நூற்றுக்கு மேல் தாங்களே வாங்கித் தீர்த்துவிட்டார்கள்.

நையாண்டி இரண்டாம் வாசகரைக் குறிவைக்கிறது: பயமும் கவர்ச்சியும் கலந்து பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞரை. கம்பீரமாகத் தெரிந்தது கேலிக்கூத்தாகிவிடுகிறது. ஆனால் உண்மையிலேயே உயிருக்கு அஞ்சும் குடும்பம் இருக்கும் ஊரில் வேடிக்கை காட்டினால் அது அவர்களையே கேலி செய்வதாக முடியும். வுன்ஸீடலில் வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள், ஆண்டுக்கு ஒருநாள் வந்து போனவர்கள். அந்தச் சூழ்நிலை அமைந்ததால்தான் சிரிக்க முடிந்தது.

சட்டம் செய்யக்கூடியது

சட்டத்தின் வீச்சு நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டின் பிராண்டன்பர்க் தீர்ப்பின்படி, உடனடி வன்முறையைத் தூண்டும் நோக்கமும் அது நிகழும் வாய்ப்பும் இருந்தாலொழிய பேச்சைத் தண்டிக்க முடியாது. வாசலில் விழும் துண்டறிக்கையின் கருத்து குற்றமாகாது. அத்துமீறி நுழைதல், குப்பை போடுதல், குறிப்பிட்ட ஆளை மிரட்டுதல் ஆகியவைதான் குற்றங்கள். ஸ்கோக்கி நகராட்சி 3,50,000 டாலர் காப்பீடு கேட்டும் சீருடைக்குத் தடை போட்டும் பார்த்தது. நீதிமன்றங்களில் எல்லாம் விழுந்தன. நாஜிகளுக்காக வாதாடியது அமெரிக்கக் குடிசார் உரிமைகள் சங்கம். அதன் அப்போதைய தலைமை இயக்குநர் ஆர்யே நையர், பெர்லினில் பிறந்து குழந்தையாகத் தப்பிவந்த யூதர். சங்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் விலகினார்கள். இறுதியில் வழக்கில் வென்ற காலின் குழு ஸ்கோக்கிக்கு வரவே இல்லை. 1978 கோடையில் சிகாகோவில் கூடிக் கலைந்தது.

ஜெர்மனியில் மக்களுக்கு எதிராகத் தூண்டுதல் குற்றச் சட்டத்தின் 130ஆம் பிரிவில் வருகிறது. ஸ்வஸ்திகாவைக் காட்டுவதும் தண்டனைக்குரியது. சின்னம் தடைபட்டால் எண்களும் குறியீடுகளும் அந்த இடத்துக்கு வந்துவிடுகின்றன என்பது அங்கத்திய அனுபவம். இந்தியாவில் பிரிவினருக்கிடையே பகை வளர்ப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 153ஏ பிரிவில் இருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதாவின் 196ஆம் பிரிவு. வெறுப்புப் பேச்சு நிகழ்ந்தால் புகாருக்குக் காத்திராமல் தாமாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் மூன்று மாநிலக் காவல் துறைகளுக்கு இட்ட ஆணையை 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் விரித்தது. சட்டத்தில் சொல் பஞ்சமில்லை. யார் மீது பாய்வது, யாரைத் தொடாமல் விடுவது என்ற தேர்வில்தான் சிக்கல்.

அமெரிக்காவில் குற்றவியல் சட்டம் தொட முடியாததை உரிமையியல் வழக்கு தொட்டது. போர்ட்லாந்து கொலைக்காக 'வெள்ளை ஆரிய எதிர்ப்பு' என்ற இனவெறி அமைப்பின் டாம் மெட்ஸ்கர் மீது தெற்கு வறுமைச் சட்ட மையம் தொடுத்த வழக்கில் 1990இல் 1 கோடியே 25 லட்சம் டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. சார்லட்ஸ்வில் ஏற்பாட்டாளர்கள் மீது 2021இல் 2.5 கோடிக்கு மேல். 2016 இறுதியில் மொன்டானாவின் வைட்ஃபிஷில் ஒரு யூதப் பெண்மணிக்கு எதிராக நவநாஜி இணையதளம் வாசகர்களை ஏவிவிட்டதற்கு 2019இல் 1 கோடியே 40 லட்சம். இத்தொகைகள் வசூலானது அரிது; பிரதிவாதிகள் ஓட்டாண்டிகள், சிலர் தலைமறைவு. ஆயினும் வழக்கு நிதியை உறிஞ்சுகிறது, உள்கடிதங்களை வெளியே இழுக்கிறது, தலைவர்களை ஒருவர் மீது ஒருவர் பழிபோட வைக்கிறது.

இவையெல்லாம் காவல் துறையும் நீதிமன்றமும் பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கும் என்ற அனுமானத்தில் அமைந்தவை. இலங்கையில் அந்த அனுமானம் பொய்த்தது. 2012இல் தோன்றிய பொது பல சேனா என்ற பௌத்த அமைப்பு ஹலால் முத்திரைக்கு எதிரான பிரசாரத்தோடு முஸ்லிம்கள் மீது பகையை வளர்த்தது. 2014 ஜூனில் அளுத்கமவில் அதன் கூட்டத்தைத் தொடர்ந்து வன்முறை வெடித்தது. வெறுப்பைத் தூண்டுவதைத் தண்டிக்கும் சட்டம் 2007 முதலே அங்கு இருந்தது. 2018 மார்ச்சில் கண்டிக்கு அருகே திகனவில் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது அவசரநிலை அறிவிக்கப்பட்டு ஃபேஸ்புக் உள்ளிட்ட தளங்கள் முடக்கப்பட்டன. சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகள் பற்றிய புகார்களைக் கவனிக்கத் தவறியது குறித்து அந்த நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. அரசு கைகட்டி நிற்கும் இடத்தில் ஊர்க்காரர்களிடம் எஞ்சுவது அண்டை வீட்டு உறவும் விகாரைக்கும் பள்ளிவாசலுக்கும் இடையிலான பேச்சும் மட்டுமே. அவை சில தெருக்களைக் காத்தன; எல்லாத் தெருக்களையும் காக்க அவற்றால் இயலவில்லை.

முன்கூட்டியே அமைந்த குழுக்கள்

கர் டலேனின் நீண்ட கதை, ஒரு நாள் எதிர்ப்புக்கும் கால் நூற்றாண்டு உழைப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுகிறது. ரிச்சர்ட் பட்லர் 1970களில் அதனருகே ஹேடன் லேக்கில் 20 ஏக்கர் நிலத்தில் ஆரிய நேஷன்ஸ் முகாமை அமைத்தார். யூத உணவக உரிமையாளர் ஒருவர் தொல்லைக்குள்ளான பின் 1981இல் கூட்டனி மாவட்ட மனித உறவுகள் பணிக்குழு உருவானது. வழக்கறிஞர், ஆசிரியர், போதகர் என்று சிலர் கொண்ட சிறு குழு. 1983இல் இனவெறித் துன்புறுத்தலைக் குற்றமாக்கும் மாநிலச் சட்டத்தை அது கொண்டுவர வைத்தது. தலைவராயிருந்த கத்தோலிக்கப் பாதிரியார் பில் வாஸ்முத்தின் வீட்டில் 1986 செப்டம்பரில் குண்டு வெடித்தது. அவர் உயிர் தப்பினார். 1998இல் முகாமின் காவலர்கள் அவ்வழியே சென்ற ஒரு தாயையும் மகனையும் துரத்திச் சுட்டார்கள். 2000இல் நடுவர் குழு 63 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. முகாம் கைமாறி 2001இல் இடித்துத் தள்ளப்பட்டது. பட்லர் 2004இல் இறந்தார்.

பணிக்குழு கலையவில்லை. 2022 ஜூனில் அதே நகரில் ஒரு விழாவைக் குலைக்க வந்த பேட்ரியாட் ஃப்ரண்ட் உறுப்பினர் 31 பேர் ஒரு வாடகை லாரிக்குள் கைதானார்கள். முகமூடியணிந்த ஆட்கள் லாரியில் ஏறுவதைக் கண்ட ஒருவர் காவல் துறைக்குத் தகவல் சொல்லியிருந்தார்.

வெறுப்புக்குத் தீனி போடும் குறைகளைக் கவனிப்பது மற்றொரு அடித்தளப் பணி. பேசப்படுவது குறைவு, பயன் அதிகம். கிழக்கு லண்டனில் கேபிள் தெருவுக்கு அடுத்த ஆண்டு, பாராகன் மாளிகை என்ற குடியிருப்பில் வாடகை கட்ட முடியாத இரண்டு குடும்பங்களை வெளியேற்ற ஆட்கள் வந்தார்கள். இரண்டும் மோஸ்லி கட்சிக் குடும்பங்கள். கம்யூனிஸ்ட் அமைப்பாளர் ஃபில் பிராட்டினும் தோழர்களும் மறித்து நின்று வெளியேற்றத்தைத் தடுத்தார்கள். குடியிருப்பில் இருந்தவர்கள் மோஸ்லி கட்சி அட்டையைக் கிழித்துப்போட்டதாக அவர் பின்னர் எழுதினார். யூதரான பிராட்டின் 1945இல் அந்தப் பகுதியிலிருந்தே நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்.

வெளியேறும் வழியும் பயனை அளப்பதும்

குழுவில் இருப்பவரை மீட்கும் முயற்சி 1990களில் ஸ்காண்டிநேவியாவில் முறைப்படி தொடங்கியது. ஜெர்மனியில் முன்னாள் காவல் அதிகாரி பெர்ன்ட் வாக்னரும் முன்னாள் நவநாஜி இங்கோ ஹாசல்பாக்கும் 2000இல் எக்ஸிட் அமைப்பை நிறுவினார்கள். 2011இல் கேரா நகர நவநாஜி இசைவிழாவில் அது 250 பனியன்களை இலவசமாகக் கொடுத்தது. மேலே மண்டையோடு, ஒரு சலவைக்குப் பின் அது அழிந்து, வெளியேற விரும்பினால் உதவுவோம் என்ற வாசகம் தெரிந்தது. அமெரிக்காவில் இனவெறிக் குடும்ப வாரிசான டெரிக் பிளாக்கைக் கல்லூரியில் ஒரு யூத மாணவர் வாரந்தோறும் சபாத் விருந்துக்கு அழைத்தார். நீண்ட பேச்சுகளுக்குப் பின் 2013இல் பிளாக் தம் இயக்கத்தைப் பகிரங்கமாகத் துறந்தார். இத்தகைய பொறுமையைப் பாதிக்கப்பட்ட சமூகத்தின் கடமையாக்கி எதிர்பார்ப்பது அநியாயம். முன்வருபவர் இருந்தால் அது அவருடைய கொடை.

எந்த எதிர்வினை பலித்தது என்று அறுதியிடுவது கடினம். குழுக்கள் தங்கள் உள்சண்டையாலேயே பல முறை சிதைகின்றன. ஸ்கோக்கியை அச்சுறுத்திய காலின், தந்தை யூதர் என்பது அம்பலமானபின் மதிப்பிழந்தார். 1980இல் சிறார் மீதான குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றார். அவருடைய கட்சி தேய்ந்து போனது. அதில் ஊரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஊர்வலம் நின்றுவிட்டதா என்பதும் சரியான அளவுகோல் ஆகாது, ஏனெனில் ஓரிடத்தில் தடைபட்டது அடுத்த மாவட்டத்துக்கு நகரலாம். புகார் எண்ணிக்கை கூடினால் நிலைமை மோசமானது என்று கொள்வதும் தவறு. காவல் நிலையத்தை நம்பி முதன்முறையாகப் படியேறியவர்களின் கணக்காகவும் அது இருக்கலாம். அளக்கக்கூடியவை வேறு: பழிக்கப்பட்ட குடும்பம் ஓராண்டு கழித்தும் அதே வீட்டில் குடியிருக்கிறதா, அதன் பிள்ளைகள் அதே பள்ளிக்குப் போகிறார்களா, அடுத்த தாள் விழுந்தபோது தகவல் எத்தனை மணி நேரத்தில் யாரிடம் போனது. ஸ்கோக்கியில் உயிர் தப்பியவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. 1981இல் நினைவு அறக்கட்டளை தொடங்கினார்கள், பள்ளிகளுக்குப் போய்ப் பேசினார்கள். 1990இல் இல்லினாய் மாநிலம் யூத இனப்படுகொலை வரலாற்றைப் பள்ளிப் பாடமாகக் கட்டாயமாக்கியது. 2009இல் அவர்களுடைய அருங்காட்சியகம் ஸ்கோக்கியிலேயே திறக்கப்பட்டது.